பழைய .32 பிஸ்டல்: தொடங்குபவருக்கான விளக்கம்

ஒரு தோட்டா வெடித்த விசையைக் கொண்டே வெற்று உறையை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொண்டு, மறுபடி சுடத் தயாராக நிற்பதுதான் அரைத் தானியங்கிப் பிஸ்டல். ஒவ்வொரு குண்டுக்கும் டிரிகரை ஒரு முறை இழுத்தாக வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கும் வரை சுட்டுக்கொண்டே இருப்பது முழுத் தானியங்கி. அது குடிமக்களுக்குக் கிடையாது. 'தானே ஏற்றிக்கொள்ளும்' என்ற இந்த ஒரு குணத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால் போதும். பாதுகாப்பு விதிகள், அடிக்கடி வரும் கோளாறுகள், பராமரிப்பு எல்லாவற்றுக்கும் காரணம் விளங்கிவிடும். புரியாமல் கையில் எடுப்பவருக்கு இது ரிவால்வரைவிட ஆபத்தானது.

காவிரி டெல்டாவில் ஒருவர் கைக்கு வரக்கூடிய பழைய பிஸ்டல் பெரும்பாலும் .32 ஆகத்தான் (குழலின் விட்டம் சுமார் 0.32 அங்குலம்) இருக்கும். இங்கிலாந்தின் வெப்லி அண்ட் ஸ்காட், அமெரிக்காவின் கோல்ட் 1903, பெல்ஜியத்தின் எஃப்.என். பிரௌனிங் 1910, ஜெர்மனியின் வால்தர் பி.பி. போன்றவை. காரணம் சட்டம். 9 மி.மீ., ரிம் (அடிவிளிம்பு) இல்லாத .45 போன்ற ராணுவ அளவுகள் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட குழல் அளவு ('புரொஹிபிட்டட் போர்') வகையில் வருகின்றன. அதனால் 1911 என்ற புகழ்பெற்ற கோல்ட் .45ஐ மாவட்ட லைசென்ஸில் வைத்துக்கொள்ள முடியாது. 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு தனியார் துப்பாக்கி இறக்குமதியும் ஏறக்குறைய நின்றுபோனதால், இங்கே கைமாறும் வெளிநாட்டுப் பிஸ்டல்கள் பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியவை. நூறு கடந்தவையும் உண்டு. புதிதாகவே வேண்டுமென்றால் மேற்கு வங்கத்து இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் 'அஷானி' .32 இருக்கிறது. திருச்சியில் 1966 முதல் இயங்கும் துப்பாக்கித் தொழிற்சாலை முக்கியமாக ராணுவ, போலீஸ் ஆயுதங்களுக்கானது. பக்கத்து ஊர் என்பதற்காக அங்கே போய் இந்தப் பிஸ்டலைக் கேட்டுப் பயனில்லை.

உள்ளே நடப்பது

பிஸ்டலை மூன்று பகுதிகளாகப் பாருங்கள். கையில் பிடிப்பது உடல்; டிரிகரும் சுத்தியலும் அதற்குள் இருக்கின்றன (பிரௌனிங் 1910இல் சுத்தியலுக்குப் பதில் ஸ்பிரிங் ஏறிய ஊசியே பாயும்). உடலின் மேல் முன்னும் பின்னும் ஓடுவது ஸ்லைடு. கைப்பிடிக்குள் கீழிருந்து நுழைவது மேகசின். அதில் ஏழு அல்லது எட்டு தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். குழலின் பின்முனையில் ஒரு தோட்டா மட்டும் உட்காரும் இடம் சேம்பர்.

முதல் தோட்டாவை நாம்தான் ஏற்ற வேண்டும். ஸ்லைடைப் பின்னுக்கு முழுக்க இழுத்து விட்டால் அது முன்னே பாயும்போது மேகசினின் மேல்தோட்டாவைத் தள்ளிச் சேம்பரில் அடைக்கும். இழுக்கும்போதே சுத்தியலும் பின்சாய்ந்து மாட்டிக்கொள்ளும். டிரிகரை இழுத்தால் சுத்தியல் விழுந்து, ஊசி தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரைக் குத்தும். வெடிமருந்து வாயுவாகி ஈயக்குண்டை முன்னே தள்ளும்போது, அதே அழுத்தம் பித்தளை உறையைப் பின்னேயும் தள்ளுகிறது. உறை ஸ்லைடைத் தள்ளுகிறது. எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி உறையைப் பிடித்திழுக்க, எஜெக்டர் என்ற முனையில் அது மோதி வெளியே தெறிக்கிறது. பிறகு ஸ்பிரிங் ஸ்லைடை முன்னே அனுப்ப, அடுத்த தோட்டா ஏறிவிடுகிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இந்தப் பழைய .32களில் குழலையும் ஸ்லைடையும் பூட்டும் ஏற்பாடு எதுவும் கிடையாது. குண்டு குழலை விட்டுப் போகும்வரை பின்பக்கத்தை மூடி வைத்திருப்பது ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே. வெறும் தள்ளுவண்டியையும் நெல்மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியையும் ஒரே விசையோடு தள்ளிப் பாருங்கள். பாரவண்டி தாமதமாகத்தான் நகரும். அந்தத் தாமதம்தான் இங்கே பூட்டு. .45 போன்ற வலுவான தோட்டாவுக்கு இது போதாது. அதனால்தான் கோல்ட் 1911இல் குழலும் ஸ்லைடும் சிறிது தூரம் பூட்டியபடியே பின்னே போய், அப்புறம் பிரிகின்றன.

இதிலிருந்து நேராக வரும் பாடம் ஒன்று உண்டு. ஸ்பிரிங் தளர்ந்த பழைய பிஸ்டல் சுடத்தான் செய்யும், நன்றாகவே சுடுவதுபோலத் தெரியும். ஆனால் ஸ்லைடு தேவைக்கு மேல் வேகமாகப் பின்னே போய் உடலை ஒவ்வொரு முறையும் அடிக்கும். நாளடைவில் உடலில் மயிரிழை விரிசல் விழும். வெற்று உறைகள் வழக்கத்தைவிட மிகத் தூரம் தெறிக்கின்றனவா, ஸ்லைடை இழுப்பது சந்தேகப்படும்படி லேசாக இருக்கிறதா என்று கவனியுங்கள்.

டிஸ்கனெக்டர் என்று இன்னொரு சின்னத் துண்டு இருக்கிறது. ஒரு குண்டு போனதும் டிரிகரை விட்டுவிட்டு மறுபடி இழுத்தால்தான் அடுத்தது சுடும்படி செய்வது அதுதான். அது தேய்ந்தாலோ, சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் ஸியர் தேய்ந்தாலோ ஒரே இழுப்பில் இரண்டு குண்டு போகும். அப்படி ஒரு முறை நடந்தாலும் மேகசினைக் கழற்றி, காலி செய்து, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

தோட்டா

இந்தப் பிஸ்டல்களுக்கான தோட்டாவை 1899இல் வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். .32 ஏ.சி.பி. என்றும் 7.65 மி.மீ. பிரௌனிங் என்றும் பெயர், இரண்டும் ஒன்றே. உறை 17 மி.மீ. நீளம். குண்டு வழக்கமாக 71 கிரெய்ன், அதாவது சுமார் 4.6 கிராம். நொடிக்கு ஏறத்தாழ 270 மீட்டர் வேகம். தமிழ்நாட்டு வரலாற்றிலும் பிரௌனிங்கின் வடிவமைப்புக்கு இடம் உண்டு: 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல்.

கடையில் 'பாயிண்ட் 32 குடுங்க' என்று மட்டும் கேட்காதீர்கள். நம் நாட்டு .32 ரிவால்வருக்கான தோட்டா வேறு. அது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். உறை 23 மி.மீ. நீளம், முழு விளிம்பு. பிஸ்டல் தோட்டா குட்டையானது, விளிம்பு லேசாக மட்டும் வெளியே தள்ளியிருக்கும். இரண்டும் இங்கே கே.எஃப். (புனே கட்கி தோட்டாத் தொழிற்சாலை) முத்திரையோடு வருவதால் பெட்டியைப் பார்த்து ஏமாற வாய்ப்பு உண்டு. பிஸ்டல் தோட்டா என்று சொல்லிக் கேளுங்கள். ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். லைசென்ஸில் ஆயுத வகை 'பிஸ்டல்' என்று சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

அந்த லேசான விளிம்பு ஒரு தொல்லையையும் கொண்டுவருகிறது. மேகசினில் மேல்தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் மேல்தோட்டா நகராது. தட்டினாலும் குலுக்கினாலும் தீராது, மேகசினைக் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும். ஆகவே நிரப்பும்போது ஒவ்வொரு புதுத் தோட்டாவையும் அதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் விழும்படி வைத்து, பின்பக்கச் சுவர்வரை தள்ளுங்கள். குண்டின் முனையில் குழியுள்ள தோட்டாக்கள் மொத்த நீளத்தில் சற்றுக் குட்டை. மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஆட இடம் கிடைப்பதால் இந்தக் கொக்கி அவற்றில் அதிகம் விழும். இந்தப் பழைய பிஸ்டல்கள் உருண்டை முனை, முழு உலோக உறை போட்ட குண்டுக்காகவே செய்யப்பட்டவை. அதையே போடுங்கள்.

தோட்டாவுக்கு எண்ணெய் ஆகாது. பிரைமரின் ஓரமாக எண்ணெய் உள்ளே கசிந்தால் வெடிக்காமல் போகும், அல்லது அரைகுறையாக வெடிக்கும். தோல் பெல்ட்டின் வளையங்களில் செருகி வைப்பதும் தவறு. தோல் பதனிடும் பொருள் பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடும். வந்த அட்டைப்பெட்டியோடே, காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள்.

மேகசினைக் கழற்றினால் காலியாகாது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். மேகசினை உருவி மேசைமேல் வைத்த பிறகும் சேம்பரில் ஒரு தோட்டா இருக்கலாம். பார்ப்பவருக்குப் பிஸ்டல் காலியாகத் தெரியும். டிரிகரை இழுத்தால் வெடிக்கும். மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி தடுக்கும் ஏற்பாடு சில மாடல்களில் உண்டு, பலவற்றில் இல்லை. அதை நம்பி எதையும் செய்யக்கூடாது.

காலி செய்யும் வரிசை மாறவே கூடாது. விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே, குழல்வாய் யாரும் இல்லாத பக்கம். முதலில் மேகசினை உருவி எடுங்கள். அப்புறம்தான் ஸ்லைடை முழுக்க இழுங்கள். சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழும். ஸ்லைடைப் பின்னாலேயே பிடித்துக்கொண்டு சேம்பருக்குள் வெளிச்சம் படும்படி பாருங்கள், சுண்டுவிரலை விட்டுத் தொட்டும் பாருங்கள். மேகசின் இருந்த பள்ளத்தையும் பாருங்கள். வரிசை தலைகீழானால் என்ன ஆகும்? ஸ்லைடை முதலில் இழுத்தால் பழைய தோட்டா வெளியே விழும், விட்டதும் மேகசினிலிருந்து புதியது ஏறும். பிறகு மேகசினை உருவினால் 'தோட்டா வெளியே வந்தது, மேகசினும் கையில் இருக்கிறது' என்று மனம் சமாதானமாகிவிடும். சேம்பரோ நிறைந்திருக்கும்.

தொட்டுப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பழகியவர்கள்கூட இதை அறிந்திருப்பதில்லை. பூட்டில்லாத இந்த வகையில் சுடும்போது உறை வாயு அழுத்தத்தாலேயே வெளியே வந்துவிடும். அதனால் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி உடைந்திருந்தாலும் பிஸ்டல் பெரும்பாலும் ஒழுங்காகவே சுடும், உடைந்தது யாருக்கும் தெரியாது. ஆனால் கையால் காலி செய்யும்போது தோட்டாவை இழுக்க அந்தக் கொக்கி ஒன்றுதான் இருக்கிறது. அது இல்லையென்றால் ஸ்லைடு மட்டும் பின்னே வரும், உயிருள்ள தோட்டா சேம்பரிலேயே தங்கிவிடும்.

கடைசிக் குண்டு போனபின் ஸ்லைடு பின்னாலேயே நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வால்தர் பி.பி.யில் நிற்கும், கோல்ட் 1903, பிரௌனிங் 1910 இரண்டிலும் காலிச் சேம்பரின்மேல் மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் தோட்டா ஏறிய பிஸ்டலுக்கும் காலிப் பிஸ்டலுக்கும் வித்தியாசம் தெரியாது. கோல்ட் 1903இல் சுத்தியல் ஸ்லைடுக்குள் மறைந்திருப்பதால் அது மாட்டியிருக்கிறதா என்பதும் தெரியாது.

சேஃப்டி நெம்புகோலானாலும், கைப்பிடியின் பின்புறம் அழுத்தினால்தான் சுடும் கிரிப் சேஃப்டியானாலும், இவை பல பத்தாண்டுகள் பழைய இரும்புத் துண்டுகள். கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் நவீன ஏற்பாடு இந்தக் காலத்துப் பிஸ்டல்கள் பலவற்றில் இல்லை. ஆகவே வீட்டிலோ இடுப்பிலோ இருக்கும்போது சேம்பரைக் காலியாக வையுங்கள். வீட்டுப் பெட்டியில் மேகசினும் காலியாக, தனியாக இருக்கட்டும்.

சுடும் இடமும் சுடும் விதமும்

சொந்தத் தென்னந்தோப்பு சுடுதளம் ஆகாது. வைத்திருக்க லைசென்ஸ் உண்டு என்பதால் நினைத்த இடத்தில் பழக அனுமதி கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. இயற்பியலும் நமக்கு எதிராகத்தான் இருக்கிறது. இந்தச் சின்னக் குண்டு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் போகும். டெல்டா தட்டையான நிலம், குண்டைத் தாங்க ஒரு குன்று கிடையாது. நடவு வயலிலும் வாய்க்காலிலும் தேங்கிய தண்ணீரில் தாழ்வான கோணத்தில் படும் குண்டு உள்ளே போகாமல் தெறித்து, எதிர்பாராத திசையில் எழும்பும். மயில், காட்டுப்பன்றி என்று பயிரை அழிக்க வருபவற்றைச் சுடவும் இந்த லைசென்ஸ் உதவாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாகப் பாயும்.

அங்கீகரிக்கப்பட்ட சுடுதளமே வழி. திருச்சி கே.கே. நகரில் ரைபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் மாநில அளவிலான துப்பாக்கி சுடும் போட்டி அங்கே நடந்தது. சொந்தப் பிஸ்டலைக் கொண்டுவர அனுமதி உண்டா, எந்த அளவுவரை, எந்த நாட்களில் என்று எந்தக் கிளப்பிலும் முன்பே கேட்டுவிட்டுப் போங்கள். துப்பாக்கியே பிடித்தறியாதவர் .32இல் தொடங்க வேண்டியதில்லை. 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலில் 10 மீட்டர் தூரத்தில் சில மாதம் பழகினால் டிரிகரும் குறியும் கைவரும். 20 ஜூலுக்கு உட்பட்ட அந்த ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸும் தேவையில்லை, செலவும் மிகக் குறைவு.

காதடைப்பும் கண்ணாடியும் முதல் குண்டிலிருந்தே வேண்டும். இரண்டு கைகளாலும் பிடியுங்கள். சுடும் கையைக் கைப்பிடியின் மேல்முனைவரை ஏற்றி, மணிக்கட்டை விறைப்பாக வையுங்கள். இடக்கைக் கட்டைவிரல் ஸ்லைடுக்குப் பின்னால் போகவே கூடாது. ரிவால்வர் பழகியவர்கள் செய்யும் தவறு இதுதான்; பின்னே பாயும் ஸ்லைடு தோலைக் கிழித்துவிடும். கை பெரியவர்களுக்கு வால்தர் போன்றவற்றில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதையையே ஸ்லைடு உரசும்.

இவற்றின் குறிகள் மிகச் சிறியவை, குழலும் ஏறத்தாழ 9, 10 சென்டிமீட்டர்தான். முதலில் 7 மீட்டர் போதும். பார்வை முன்குறியில் கூர்மையாக இருக்கட்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. டிரிகரை வெடுக்கென்று இழுக்காமல், சீராக அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போங்கள். வலக்கைக்காரருக்குக் குண்டுகள் இடப்பக்கம் கீழே கூடினால் வெடிக்கப்போகிறதே என்று கை முன்கூட்டியே குலுங்குகிறது என்று பொருள். உடன் இருப்பவர் உங்களுக்குத் தெரியாமல் மேகசினில் வெடிமருந்து இல்லாத ஒன்றிரண்டு போலித் தோட்டாவைக் கலந்து கொடுத்தால் அந்தக் குலுங்கல் கண்ணெதிரே தெரியும். இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டே சாப்பிடுங்கள். விரலில் ஈயம் ஒட்டியிருக்கும்.

நடுவில் நின்றுபோனால்

டிரிகரை இழுத்தும் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் அசையாதீர்கள். குழல் இலக்கைப் பார்த்தபடியே 30 நொடி காத்திருங்கள். ஈரம்பட்ட பிரைமர் தாமதமாகப் பற்றக்கூடும். பிறகு மேகசினை எடுத்துவிட்டு ஸ்லைடை இழுங்கள். வெளியே வரும் தோட்டாவின் பிரைமரில் ஊசிக்குழி ஆழமாக இருந்தால் குற்றம் தோட்டாவுடையது. ஆழமில்லாமல் லேசான புள்ளியாக இருந்தால் ஊசி அல்லது சுத்தியல் ஸ்பிரிங்.

'புஸ்' என்று அடங்கிய சத்தம் வந்தால், உதைப்பும் குறைவாக இருந்தால், உடனே நிறுத்துங்கள். மருந்து சரியாக எரியாமல் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். மேல் ஒரு குண்டைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். பழைய தோட்டாக்களில், அதுவும் பல மழைக்காலம் பார்த்த பெட்டிகளில், இதுதான் மிகப்பெரிய அபாயம். காலி செய்து, ஸ்லைடைக் கழற்றி, குழலின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தபிறகே அடுத்த தோட்டா.

வெற்று உறை ஸ்லைடில் நெட்டுக்குத்தாகச் சிக்கி நின்றால் முதலில் மணிக்கட்டைச் சந்தேகப்படுங்கள். உடல் உறுதியாக நின்றால்தான் ஸ்லைடு முழுத்தூரம் பின்னே போக முடியும். கை தளர்ந்தால் பிஸ்டலே பின்னே சாய்ந்து அந்த விசையை விழுங்கிவிடும். தோட்டா ஏறாமல் நிற்பது பெரும்பாலும் மேகசினின் குற்றம். அதன் மேல்வாய் உதடுகள் ஒருமுறை கீழே விழுந்தாலே வளைந்துவிடும், ஸ்பிரிங் தளர்ந்தால் தோட்டா உரிய நேரத்தில் மேலே வராது. பழைய பிஸ்டல் வாங்குபவர் அதன் தொழிற்சாலை மேகசின் இருக்கிறதா என்று பார்ப்பது, நீலப் பளபளப்பைப் பார்ப்பதைவிட முக்கியம்.

தெரிந்த லேத் பட்டறையில் ஊசியோ ஸ்பிரிங்கோ செய்து வாங்கலாம் என்று யோசனை சொல்பவர் இருப்பார்கள். வேண்டாம். லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். ஊசி அரை மில்லிமீட்டர் நீண்டால் பிரைமரைத் துளைத்து, சூடான வாயு முகத்தை நோக்கி வரும்.

ஈரமும் உப்பும்

டெல்டாவில் பிஸ்டலைக் கெடுப்பது சுடுவதல்ல, சும்மா இருப்பது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுக்குள்ளேயே காற்று நனைந்திருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்ளும். பழைய பிஸ்டலின் நீலநிறம் பெயிண்ட் அல்ல, இரும்பின் மேற்பரப்பிலேயே உண்டாக்கிய மெல்லிய ஆக்சைடு. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது, தனியாகத் துருவைத் தடுக்காது. ஒருமுறை விரல்பட்ட வியர்வையைத் துடைக்காமல் வைத்தால் சில நாளில் ரேகை துருவாகப் பதிந்திருக்கும்.

தோல் உறைக்குள் வைத்துப் பெட்டியில் பூட்டுவது பரவலான பழக்கம். அதுதான் மிக மோசமானதும். தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். உறை வெளியே எடுத்துச் செல்லும்போது மட்டும். பெட்டிக்குள் எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி, 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீலமணி ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது. சமையலுக்குப் பயன்படாத தனிச்சட்டியில் மிதமாகச் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். பெட்டி தரையில் இருக்கக் கூடாது, வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். வெள்ளம் புகுந்த தெருவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடைமழை மாதங்களில் வாரம் ஒருமுறை, மற்ற காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துத் துடையுங்கள்.

தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் கூடாது. தாவர எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகும். ஊசித் துளையில் பிசின் சேர்ந்தால் ஊசி மெதுவாகப் போய்க் குத்தும், பிரைமர் வெடிக்காது. துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் தாராளமாகப் போதும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், ஆனால் துருவிலிருந்து காக்காது. அதனால் கழுவிய பிறகு முழுக்கத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். பித்தளை பாலிஷை அருகிலேயே கொண்டுவராதீர்கள், நீலத்தைத் தேய்த்து எடுத்துவிடும். ஆயுத பூஜையில் சந்தனம், குங்குமம், விபூதி இடுவதென்றால் பெட்டியின்மேல் இடுங்கள். ஈரச் சந்தனம் இரும்பில் காய்ந்தால் அடியில் துருப்புள்ளி விழும், விபூதித் துகள் ஸ்லைடின் தடத்தில் போய் உரசும்.

சுத்தம் செய்ய ஸ்லைடு, குழல், ஸ்பிரிங் என்ற அளவுக்கு மேல் கழற்ற வேண்டியதில்லை. மாடலுக்கு மாடல் முறை வேறு. வால்தர் பி.பி.யில் டிரிகர் வளையத்தைக் கீழே இழுத்தால் ஸ்லைடு விடுபடும். கோல்ட் 1903இல் குழலைத் திருப்ப வேண்டும். பிரௌனிங் 1910இல் ஸ்பிரிங் குழலைச் சுற்றியே இருப்பதால் முன்முனை வளையத்தைத் திருப்பும்போது அது கண்ணை நோக்கிப் பாயக்கூடும். கண்ணாடி அணிந்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருப்புங்கள். வெப்லியின் ஸ்பிரிங் 'வி' வடிவத்தில் வலது கைப்பிடித் தகட்டுக்குக் கீழே இருக்கிறது, தேவையில்லாமல் அந்தத் தகட்டைத் திறக்காதீர்கள். குழலைச் சேம்பர் பக்கத்திலிருந்து .32 பிரஷ்ஷால் தேய்த்து, துணித்துண்டு வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். மிகப் பழைய தோட்டாக்களின் பிரைமரில் இருந்த குளோரேட் எரிந்து உப்பாகும்; அது எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அத்தகையவற்றைச் சுட்டிருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய். ஸ்லைடு தடங்களில் பக்கத்துக்கு ஒரு சொட்டு, குழலின் வெளிப்புறத்தில் மெல்லிய பூச்சு. சேம்பரும் மேகசினின் உட்புறமும் சுடும்போது உலர்ந்திருக்க வேண்டும்.

காகிதங்கள்

21 வயது நிரம்பியவர் மத்திய உள்துறையின் ஆயுத லைசென்ஸ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் லைசென்ஸ் தருபவர் கலெக்டர். திருச்சி மாநகருக்குள் போலீஸ் கமிஷனர். உடல், மனநலச் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாக வைப்பதற்கான உறுதிமொழி, பயிற்சிச் சான்று, ஏன் வேண்டும் என்பதற்கான காரணம் ஆகியவற்றோடு போலீஸ் விசாரணை அறிக்கையும் போய்ச் சேரும். 'பெருமைக்கு' என்பது காரணமாகாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும். காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள். அதே திருத்தம் கல்யாணத்திலோ திருவிழாவிலோ வானத்தை நோக்கிச் சுட்டுப் பிறருக்கு ஆபத்து விளைவிப்பவருக்கு 2 ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது.

இன்னொரு லைசென்ஸ்தாரரிடமிருந்து பழைய பிஸ்டல் வாங்கும்போது, விற்பவர் உரிய அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பின்பே கைமாற்ற முடியும். அந்த இடைவெளியில் ஒரு மெக்கானிக்கை வைத்து ஆயுதத்தைப் பார்த்துவிடுங்கள். ஸ்லைடு, உடல், குழல் ஆகியவற்றில் எண்கள் இருந்தால் அவை காகிதத்தோடு ஒத்துப்போகின்றனவா, குழலின் உள்வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா, உடலில் விரிசல் உண்டா என்பவையே விலையைவிட முக்கியமான கேள்விகள்.

குடும்பத்துப் பிஸ்டலுக்கு 2016 ஆயுத விதிகள் தனி வழி வைத்திருக்கின்றன. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் சட்டப்படியான வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். உயிரோடு இருக்கும்போதே மாற்ற வேண்டுமென்றால் அவருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்திருக்க வேண்டும். காரியம் முடியட்டும் என்று பீரோவிலேயே விட்டுவைப்பதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். லைசென்ஸ் இறந்தவர் பெயரில் இருந்தது, இனி அந்த வீட்டில் அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். உடனே ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, பிறகு விண்ணப்பியுங்கள்.

தேர்தல் அறிவித்ததும் பெரும்பாலான லைசென்ஸ்தாரர்கள் ஆயுதத்தை ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். அப்போது தோல் உறையோடு கொடுக்காதீர்கள். உள்ளும் வெளியும் வழக்கத்தைவிடக் கனமாக எண்ணெய் பூசி, துணியில் சுற்றி, காலியாக்கி, காலியானதை வாங்குபவருக்கும் காட்டிக் கொடுங்கள். ரசீதில் மாடல், எண், மேகசின் எத்தனை, தோட்டா எத்தனை என்பவை எழுதப்பட வேண்டும். திரும்ப வாங்கும்போது எண்ணைச் சரிபார்த்து, சேம்பரைத் தொட்டுப் பார்த்து, வீட்டுக்கு வந்ததும் குழலுக்குள் ஒரு வெள்ளைத் துணித்துண்டைச் செலுத்துங்கள். செம்பழுப்பாக வந்தால் அன்றே எண்ணெய் ஊற்றி ஊறவைத்து மறுநாள் தேய்க்க வேண்டும். மூன்றாம் முறையும் அதே நிறம் வந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் சுடக்கூடாது.